மைக்கை அவங்க கைல குடுங்க

மார்ச் நெருங்குனாலே இந்தப் பக்கத்துக்கு வர்ற கடிதாசில பாதி ஒரே விஷயமாத்தான் இருக்கும். எனக்கு ஒரு தம்பி இருக்கான், டவுன் சிண்ட்ரோம் உள்ளவன், நாப்பதைத் தாண்டிட்டான், அவனைப் பத்தி இங்க எழுதி எழுதி இப்ப என்னைவிட அவனைத்தான் எல்லாரும் விசாரிக்கிறாங்க. இந்த மாசம் வந்ததுல ஆறு கடிதாசிய எடுத்துருக்கேன், எல்லாத்தையும் அவனுக்குப் படிச்சுக் காட்டிட்டுதான் பதில் எழுதுறேன், அது எங்க ரெண்டு பேருக்குள்ள உள்ள ஒப்பந்தம்.

அக்கா, எங்க குடியிருப்பு சங்கத்துல இந்த வருஷம் மார்ச் 21 உலக டவுன் சிண்ட்ரோம் தினத்தைக் கொண்டாடலாம்னு முடிவு பண்ணிருக்கோம். எங்க காம்பவுண்ட்லயே மூணு பேர் இருக்காங்க. எல்லாரும் ஜோடி சேராத சாக்ஸ் போட்டுட்டு வரணும்னு ஒருத்தர் சொல்றாரு, எதுக்குன்னு கேட்டா அவருக்கே தெரியல. எப்படி நடத்தலாம்? (சங்கச் செயலாளர் ஒருத்தர்)

சாக்ஸ் விஷயத்தை முதல்ல முடிச்சிடுறேன் சார். நம்ம உடம்புல செல்லுக்கு செல் 23 ஜோடி குரோமோசோம் (ஜீன்களைச் சுமக்குற குட்டி இழைங்க) இருக்கு, மொத்தம் 46. இவங்களுக்கு அதுல 21-வது ரெண்டா இல்லாம மூணா இருக்கும். மூணாவது மாசம், 21-ஆம் தேதி, அதான் கணக்கு. 2006-லேர்ந்து இந்த நாளைக் கொண்டாடுறாங்க, ஐ.நா. பொதுச்சபை 2011 டிசம்பர்ல தீர்மானம் போட்டு 2012-லேர்ந்து அதிகாரபூர்வமாவே ஆயிருச்சு. குரோமோசோமை மைக்ராஸ்கோப்ல பாத்து எடுத்த படத்துல அது குட்டிக் குட்டி சாக்ஸ் மாதிரி தெரியும், அதனால சாக்ஸ். ஒரு கால்ல பச்சை இன்னொரு கால்ல மஞ்சள் போட்டுட்டுப் போனா எதிர்ல வர்றவன் என்னய்யா இதுன்னு கேப்பான்ல, அந்தக் கேள்விக்காகத்தான் இத்தனையும். போட்டுருக்கறவருக்கே பதில் தெரியலைன்னா அவசரத்துல மாத்திப் போட்டுட்டு வந்துட்டாருன்னுதான் நினைப்பாங்க.

இப்ப நான் ஒண்ணு கேக்குறேன். அந்த மூணு பேர்கிட்ட பேசுனீங்களா? அவங்க அப்பா அம்மாகிட்ட இல்ல, அவங்ககிட்ட. உங்க கடிதாசி முழு ரெண்டு பக்கம், அதுல சாமியானா இருக்கு, சிறப்பு விருந்தினர் இருக்காரு, போட்டோகிராபர் இருக்காரு, அந்த மூணு பேரோட பேர் மட்டும் எங்கயும் இல்ல. சில வருஷம் முன்னாடி ஒரு இடத்துல இப்படித்தான் என் தம்பியக் கூப்பிட்டாங்க, ரெண்டு மணி நேரம் ஆளாளுக்குப் பேசுனாங்க, தெய்வக் குழந்தைங்கன்னாங்க, கடவுளோட பரிசுன்னாங்க, அவன் முன் வரிசைல உக்காந்து கொட்டாவி விட்டுட்டு இருந்தான், கடைசில விருந்தினர் எறங்கி வந்து அவன் தோள்ல கைய வச்சுக்கிட்டு என்னைப் பாத்து "தம்பி சாப்பிட்டாப்லயா?"ன்னு கேக்குறாரு. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள அவனே "இன்னும் இல்ல, நீங்க பேசிட்டே இருந்தீங்க"ன்னுட்டான்.

அதனால முதல் வேலையா மூணு பேரையும் கமிட்டில சேருங்க. என்ன பண்ணலாம்னு கேளுங்க, கேட்டுட்டு பொறுமையா இருங்க, பதில் வர பத்து பதினஞ்சு செகண்ட் ஆகலாம், அதுக்குள்ள நாமளே பதிலைச் சொல்லிக் குடுத்துடறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. ஒரு நேரத்துல ஒரு விஷயம் மட்டும் கேளுங்க. ஆட்டமா பாட்டமா கேரமா, இல்ல ஒண்ணுமே வேணாமா, அவங்க சொல்லட்டும். ஸ்பீக்கர் சத்தத்தைக் கொறைங்க, நெறைய பேருக்குக் காது கேக்குறதுல பிரச்சனை இருக்கும், சிலருக்கு அதிக சத்தமே ஆகாது. நிகழ்ச்சி ஒரு மணி நேரத்துக்கு மேல போக வேணாம் (இது எல்லா விழாவுக்கும் பொருந்தும்னு வைங்க). முப்பது வயசு ஆளைக் கன்னத்தைக் கிள்ளி செல்லம்னு கொஞ்சாதீங்கன்னு மட்டும் முன்கூட்டியே எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. வரமாட்டேன்னு அவங்கள்ல ஒருத்தர் சொன்னா அதுவும் சரி.

அப்புறம் மார்ச் 22 என்ன பிளான்? சாயங்காலம் ஷட்டில் ஆடுறப்ப அவங்களைக் கூப்பிடுவீங்களா? சங்கத்துல நோட்டீஸ் ஒட்டுற வேலை, லைப்ரரில புக்கு அடுக்குற வேலை ஏதாவது ஒண்ணு ஒருத்தருக்குக் குடுக்க முடியுமான்னு பாருங்க. சாமியானா இல்லாட்டியும் பரவால்ல.

என் நாத்தனார் மகளுக்குப் போன வாரம் குழந்தை பிறந்துச்சு. டவுன் சிண்ட்ரோம்னு சொல்லிட்டாங்க, வீட்ல ஒரே அழுகை. மாசமா இருக்கும்போது அவ எதையோ சாப்பிட்டா, ரொம்ப கவலைப்பட்டா, அதான் இப்படின்னு அவ மாமியார் சொல்லிக் காட்டுறாங்களாம். நான் போய்ப் பாக்கணும், என்ன சொல்றதுன்னே தெரியல அக்கா.

குழந்தை பிறந்த வீட்டுக்குப் போறீங்க, மத்த வீட்டுல என்ன சொல்வீங்களோ அதையே சொல்லுங்க. வாழ்த்து சொல்லுங்க, தூக்கிக் கொஞ்சுங்க, யாரு ஜாடைன்னு கேளுங்க. எங்கம்மா கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருந்தது ஒண்ணுதான், என் தம்பி பிறந்தப்ப பாக்க வந்தவங்கள்ல ஒரே ஒரு ஆள்தான் அவனைக் கைல வாங்குனாராம், மத்தவங்க எல்லாம் எட்ட நின்னு "த்சொ"ன்னுட்டுப் போயிட்டாங்களாம்.

மாமியாருக்கு விஷயம் தெரியணும், அவங்ககிட்ட சண்டை போடாம சொல்லிப் பாருங்க. சாப்பாட்டுனாலயோ கவலையாலயோ அதிர்ச்சியாலயோ இது வர்றதே இல்ல. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகுற நேரத்துல குரோமோசோம் ஜோடி சரியாப் பிரியாம விட்டுப்போகுது, யாரும் பண்ண தப்பு இல்ல, உலகம் முழுக்க சுமார் 1000-லேர்ந்து 1100 குழந்தைக்கு ஒருத்தர்னு பிறந்துட்டுதான் இருக்காங்க. அம்மாவுக்கு வயசு ஏற ஏற வாய்ப்பு கூடும், 40 வயசுல சுமார் 100-ல ஒண்ணுன்னு சொல்வாங்க, ஆனா சின்ன வயசு அம்மாக்கள்தான் எண்ணிக்கைல நெறைய பிள்ளை பெத்துக்கறாங்க, அதனால மொத்தத்துல இப்படிப் பிறக்குற குழந்தைங்கள்ல பெரும்பாலும் அவங்களோடதுதான். 100-ல 95 பேருக்கு இந்த சாதாரண வகைதான். 3, 4 பேருக்கு டிரான்ஸ்லொகேஷன்னு ஒரு வகை இருக்கு, கூடுதல் 21-வது வேற ஒரு குரோமோசோமோட ஒட்டிட்டு இருக்கும், அதுல மட்டும் சில சமயம் அப்பா அம்மால ஒருத்தர்கிட்டேர்ந்து வந்துருக்கலாம், அடுத்த குழந்தை யோசிக்கிறவங்களுக்கு அது தெரிஞ்சிருக்கணும், அதனால குரோமோசோம் டெஸ்ட் ரிப்போர்ட்டை பத்திரமா வச்சிருக்கச் சொல்லுங்க.

பாக்கப் போறப்ப ஒண்ணு மட்டும் கேளுங்க, குழந்தைக்கு எக்கோ (இதயத்துக்கு எடுக்குற ஸ்கேன்) எடுத்தாச்சான்னு. கிட்டத்தட்ட பாதிக் குழந்தைங்களுக்கு இதயத்துல ஏதோ ஒரு கோளாறு இருக்கும், வெளில ஒண்ணும் தெரியாது, ஸ்டெதஸ்கோப்புலயும் சில நேரம் கேக்காது, ஆனா கண்டுபிடிச்சா பெரும்பாலும் ஆபரேஷன்ல சரி பண்ணிடலாம். அப்புறம் தைராய்டு, காது, கண்ணு. தைராய்டு ஒரு தடவை நார்மல்னு வந்துச்சுன்னு விட்டுடக் கூடாது, ஆறு மாசத்துல, ஒரு வயசுல, அப்புறம் வருஷா வருஷம் பாக்கணும். தசை கொஞ்சம் தளர்வா இருக்கறதால பால் குடிக்க நேரம் எடுக்கும், கழுத்து நிக்க, உக்கார, நடக்க எல்லாமே லேட்டாகும், பிசியோதெரபிய சீக்கிரம் ஆரம்பிச்சா நல்லது. பேச்சு இன்னும் லேட்டா வரும், ஆனா பேசுறதைவிட அதிகமா புரிஞ்சுக்குவாங்க, அதனால அந்தக் குழந்தை முன்னாடி நின்னு "பாவம்"னு சொல்ற பழக்கத்தை வீட்ல இப்பவே நிறுத்திடச் சொல்லுங்க.

'மனவளர்ச்சி குன்றியவர்'னு சொல்லலாமா கூடாதா? 'டவுன்'னாலே கீழன்னுதானே அர்த்தம், அந்தப் பேரே மட்டம் தட்டுற மாதிரி இல்லையா?

கீழயும் இல்ல மேலயும் இல்ல, அது ஒரு டாக்டரோட பேரு. ஜான் லாங்டன் டவுன்னு இங்கிலாந்துல இருந்தாரு, 1866-ல இதை முதல்ல விவரமா எழுதுனாரு. ஆனா அவர் வச்ச பேரு வேற, முகச் சாயலைப் பாத்துட்டு மங்கோலிய இனத்தோட முடிச்சுப் போட்டுட்டாரு, அந்தப் பேரே நூறு வருஷம் போல ஓடுச்சு. 1959-ல பிரான்ஸ்ல கூடுதல் குரோமோசோம்தான் காரணம்னு கண்டுபிடிச்ச பிறகு 1961-ல விஞ்ஞானிங்க 19 பேர் சேர்ந்து அந்தப் பேரை மாத்தணும்னு எழுதுனாங்க, 1965-ல மங்கோலியா நாட்டுக்காரங்களே கேட்டு உலக சுகாதார நிறுவனம் அதை விட்டுருச்சு. நீங்க 'டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்'னு சொல்லுங்க, போதும். பேர் தெரிஞ்சா பேரைச் சொல்லுங்க, இன்னும் நல்லது. அந்த 'குன்றியவர்' வேணாம்.

இவங்களுக்குக் கோவமே வராதாம், எப்பவும் சந்தோஷமா இருப்பாங்களாம், நெஜமா?

கிரிக்கெட் ஓடிட்டு இருக்கும்போது என் தம்பி கைலேர்ந்து ரிமோட்டை வாங்கிப் பாருங்க. எல்லா உணர்ச்சியும் வரும், சோகம் வந்தா சொல்லத் தெரியாம ஒதுங்கி உக்காந்துருவாங்க, நாம அதை அமைதியான பையன்னு நினைச்சுக்குவோம். எங்கப்பா போனப்ப அவன் மூணு மாசம் சரியாவே பேசல.

என் பொண்ணுக்கு 22 வயசு. சொந்தக்காரங்க தினம் ஒரு சாதனை வீடியோ அனுப்பி 'பாரு இவங்க எல்லாம் எப்படி ஜெயிச்சிருக்காங்க'ங்கிறாங்க. நல்ல எண்ணத்துல அனுப்புறாங்கதான், ஆனா பாக்கப் பாக்க எனக்கு எரிச்சலா வருது. நான் கெட்ட அம்மாவா?

இல்லம்மா. எனக்கும் வரும். கிறிஸ் நிகிக்னு அமெரிக்கப் பையன், 2020 நவம்பர்ல புளோரிடால ஐயன்மேன் போட்டிய முடிச்சாரு, கடல்ல கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதுக்கு மேல ஒரு முழு மாரத்தான், டவுன் சிண்ட்ரோம் உள்ளவங்கள்ல அதை முடிச்ச முதல் ஆள் அவர்தான். ஸ்பெயின்ல பாப்லோ பினேடா பல்கலைக்கழகப் பட்டம் வாங்குனாரு, அதே நாட்டுல மார் கால்செரான் 2023-ல வலென்சியா மாகாண சட்டசபைக்கே போயிட்டாங்க. இதெல்லாம் ஊருக்குத் தெரிய வேண்டிய விஷயம்தான், இவங்களால என்ன முடியும்னு கேக்குறவங்க வாய அடைக்க உதவும். ஆனா டவுன் சிண்ட்ரோம் இல்லாத உங்க சொந்தக்காரங்கள்ல எத்தனை பேர் ஐயன்மேன் முடிச்சிருக்காங்கன்னு ஒரு தடவை திருப்பிக் கேட்டுப் பாருங்க, வீடியோ வர்றது கொறையும்.

என் தம்பி ஒரு அச்சகத்துல பக்கம் அடுக்குற வேலை பாக்குறான், சம்பளம் வாங்குறான், ஓடச் சொன்னா பஸ்ஸுக்குக் கூட ஓடமாட்டான். அவன் பிறந்த காலத்துல அமெரிக்காவுலயே இவங்களோட சராசரி ஆயுள் சுமார் 25 வருஷம்தான், இன்னைக்கு அங்க 60-ஐத் தொடுது, இதய ஆபரேஷனும் ஒழுங்கான மருத்துவமும் கிடைச்சதால வந்த மாற்றம் அது. எனக்கு அவன் நாப்பதைத் தாண்டுனதே பெரிய சாதனை. இந்த வயசுல அல்சைமர்ங்கிற மறதி நோய் வருதான்னு கவனிக்கணும், இவங்களுக்கு அது சீக்கிரமே வரும், அல்சைமருக்குக் காரணமான ஒரு ஜீன் அந்த 21-வது குரோமோசோம்லதான் இருக்கு. உங்க பொண்ணுக்கு 22 தானே, அதுக்கு நேரம் இருக்கு. இப்போதைக்கு அவளுக்கு என்ன பிடிக்கும்னு அவகிட்டயே கேளுங்க, வீடியோ எடுக்குற மாதிரி இல்லாட்டி என்ன.

அக்கா எனக்கு 24 வயசு. எனக்கு டவுன் சிண்ட்ரோம். போன வருசம் மார்ச் 21 என்ன கூப்டாங்க. கேக் வெட்ட சொன்னாங்க. போட்டோ எடுத்தாங்க. நான் பேசனும்னு சொன்னேன். நேரம் இல்லனு சொல்ட்டாங்க. இந்த வருசம் நான் மைக் கேக்கலாமா.

கேக்கலாம் தம்பி. இப்பவே கேளுங்க, அன்னைக்குப் போய் கேக்க வேணாம். நடத்துறவங்க யாருன்னு பாத்து, "எனக்கு ரெண்டு நிமிஷம் வேணும், நிகழ்ச்சி நிரல்ல என் பேர் போடுங்க"ன்னு சொல்லுங்க. பேர் போட்டாச்சான்னு ஒரு வாரம் கழிச்சு மறுபடி கேளுங்க. சொல்ல வேண்டியதை நாலு வரியா எழுதி வச்சுக்குங்க, கண்ணாடி முன்னாடி நின்னு படிச்சுப் பாருங்க. வார்த்தை நடுவுல நின்னுட்டா நிக்கட்டும், அவங்க காத்துட்டு இருப்பாங்க. முதல்ல பேச விடுங்க, கேக் அப்புறம் வெட்டுறேன்னு சொல்லிடுங்க.

உங்க கடிதாசிய என் தம்பிக்கு ரெண்டு தடவை படிச்சுக் காட்டுனேன், அவன்தான் இன்னொரு தடவைன்னான். உங்களுக்கு என்ன சொல்லணும்னு கேட்டேன். "மைக் கைக்கு வந்தா திருப்பித் தராதேன்னு சொல்லு"ங்கிறான்.