கறியை விட்டால் மெத்தியோனின் மாத்திரை தேவையா?
தம்பி, கறியும் முட்டையும் விட்டு ஓராண்டாகிறது, முடி கொட்டுகிறது, மெத்தியோனின் மாத்திரை வாங்கவா என்று கோபியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டு வாங்காதீர்கள். மெத்தியோனின், சிஸ்டீன், லைசின் எல்லாம் புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்கள். 60 கிலோ எடைக்கு மெத்தியோனினும் சிஸ்டீனும் சேர்த்து நாளுக்குச் சுமார் 900 மில்லிகிராம் போதும்.

நம் அரிசிம்பருப்பு சாதமே அந்தக் கணக்கைப் பெரும்பாலும் தீர்த்துவிடும். துவரையில் மெத்தியோனின் குறைவு, லைசின் அதிகம்; அரிசியில் நேர்மாறு. சூடான சாதத்தில் எள்ளுப்பொடியும் ஒரு கரண்டி போட்டுப் பிசையுங்கள், எள்ளில் மெத்தியோனின் தாராளம். கொள்ளுப் பயறும் துவரை போலத்தான்; அதை மட்டும் கிண்ணம் கிண்ணமாகத் தின்பதில் பயனில்லை (என் பெரியப்பா கேட்கமாட்டார்).

மெத்தியோனினிலிருந்து முடிக்கான சிஸ்டீனை உடலே செய்துகொள்ளும். வழியில் உண்டாகும் ஹோமோசிஸ்டீன் தேங்காதிருக்க பி12, ஃபோலேட் என்ற வைட்டமின்கள் வேண்டும். கறி, முட்டையை விட்ட பின் பி12 தரும் பாலும் தயிரும்கூட உங்களுக்கு ஆகாது என்றால், மாத்திரைக் காசில் முதலில் பி12 ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.