உகாண்டா பறவைப் பயணத்துக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: நான் அரசுப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. வயது 58 முடிந்துவிட்டது. இன்னும் ஒன்றரை வருடத்தில், மே மாதத்தில் ஓய்வு. 2003க்கு முன்பே பணியில் சேர்ந்ததால் பழைய ஓய்வூதியம் உண்டு. கணவருக்கு 61 வயது, கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டார். கூந்தன்குளம் பக்கம் வளர்ந்தவள் என்பதால் பறவைகள் மேல் சிறு வயதிலிருந்தே பைத்தியம். உகாண்டாவுக்கு 13 நாள் பறவைப் பயணம் போக ஆசை. சென்னை முகவர் மூலம் இரண்டு விலைப்பட்டியல் வந்திருக்கிறது. ஒன்று, 6 பேர் குழு, பறவை வழிகாட்டியுடன் ஆளுக்கு 4,200 டாலர். இன்னொன்று, 12 பேர் குழு, ஓட்டுநரே வழிகாட்டி, 3,100 டாலர். கணவருக்குக் கொரில்லா பார்க்க வேண்டும், அது தனிக் கட்டணம். கையில் 4 லட்சம் வைப்புநிதி இருக்கிறது. மாதம் 38,000 ரூபாய் மிச்சம் பிடிக்க முடியும். மகன் 7 லட்சம் தனிநபர் கடன் வாங்கி இப்போதே போகச் சொல்கிறான். ஜிபிஎஃப் (அரசு ஊழியர் வருங்கால வைப்புநிதி) பணத்தை எடுக்கலாமா என்று எனக்கு ஒரு யோசனை. தங்கை, இதெல்லாம் வீண் செலவு என்கிறாள். எனக்கு முழங்கால் வலி வேறு ஆரம்பித்திருக்கிறது. என்ன செய்யலாம்?
வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: போய்விட்டு வாருங்கள் டீச்சர். கடனும் வேண்டாம், ஜிபிஎஃப்பும் வேண்டாம். ஓய்வு பெற்றவுடன் வரும் ஜூன், ஜூலையில் போகிற மாதிரி நாளைக் குறியுங்கள். அதற்கு மேல் ஒரு வருடம்கூடத் தள்ளிப் போடாதீர்கள்.

தங்கை சொல்வதை நான் ஏற்கவில்லை. மாதாமாதம் ஓய்வூதியம் வரப்போகிற, கடன் இல்லாத ஒருவர், வாழ்நாள் ஆசைக்காகச் சேர்த்துச் செலவழிப்பது வீண் செலவு ஆகாது. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் கவனம் வேண்டும்.

முதலில் மகன் சொல்லும் கடன். 7 லட்சத்தை 12 சதவீத வட்டியில் 3 வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 23,250 ரூபாய். மொத்த வட்டி 1.37 லட்சம். தவணையில் பாதி காலம் நீங்கள் ஓய்வு பெற்ற பிறகு வருகிறது. அப்போது கையில் வருவது சம்பளம் இல்லை, ஓய்வூதியம். ஜிபிஎஃப் 7.1 சதவீதம் பாதுகாப்பாக ஈட்டிக்கொண்டிருக்கிறது. முதுமையில் ஆஸ்பத்திரிச் செலவு என்று வந்தால் உங்களைத் தாங்கப்போவது அதுவும் பணிக்கொடையும்தான். இரண்டையும் தொடாதீர்கள்.

ஓய்வுக்குப் பிறகு ஜூன் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பள்ளி விடுமுறையான ஏப்ரல், மே அங்கே பெருமழைக் காலம். விடுதிகள் மலிவாகக் கிடைக்கும், ஆனால் காட்டுப் பாதையெல்லாம் சேறு. முழங்கால் வலியுள்ளவருக்கு அது ஆகாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை குறைவு. வெளிநாடு போகத் துறையிடம் தடையில்லாச் சான்றுக்கு அலைய வேண்டிய வேலையும் இருக்காது.

சரி, செலவு எவ்வளவு ஆகும்? ஒரு டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 4,200 டாலர் பயணம் இருவருக்கு 7.56 லட்சம். விலைப்பட்டியலில் இல்லாதவைதான் பலரைக் கவிழ்க்கின்றன. வளைகுடா வழியாக உகாண்டாவின் என்டபே விமான நிலையம் போய்வர விமானம் ஆளுக்கு 75,000 என்று வைத்தால் 1.5 லட்சம். விசா ஆளுக்கு 50 டாலர், இருவருக்கும் 9,000 ரூபாய். காப்பீடு 10,000, தடுப்பூசி, மலேரியா மாத்திரைக்கு 5,000. வழிகாட்டிக்கும் மற்றவர்களுக்கும் கொடுக்கும் அன்பளிப்பு இருவருக்கும் சேர்த்து 300 டாலர், அதாவது 27,000. கூட்டினால் 9.57 லட்சம். முகவரின் விலையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். சேராவிட்டால் இன்னும் 38,000 ஆகும்.

இப்போது கொரில்லா. பிவிண்டி காட்டில் வெளிநாட்டவருக்கான அனுமதி 2024 ஜூலையிலிருந்து 800 டாலர். இருவருக்கும் வாங்கினால் 1.44 லட்சம். மகன் சொல்லும் கடனுக்கு நீங்கள் கட்டப்போகிற வட்டியும் கிட்டத்தட்ட இவ்வளவுதான். உங்கள் கடிதத்தைப் படித்தால் கொரில்லா கணவரின் ஆசை, உங்களுடையது பறவை. அப்படியானால் ஒரே ஒரு அனுமதி வாங்குங்கள். பிவிண்டியின் ருஹிஜா பகுதியிலிருந்து கொரில்லா பார்க்கவும் போகிறார்கள், பறவை பார்க்கவும் போகிறார்கள். அவர் ஒரு பக்கம் ஏறட்டும், நீங்கள் அன்று வழிகாட்டியுடன் காட்டோரச் சாலையில் நடந்து பறவை பாருங்கள். 72,000 மிச்சம், இருவருக்கும் மனக்குறையும் இருக்காது. அந்த ஓர் அனுமதியின் 72,000ஐச் சேர்த்து மொத்தம் 10.29 லட்சம்.

இந்தப் பயணத்தில் சுமார் 9,600 டாலர் செலவு டாலரிலேயே இருக்கிறது. டாலர் 5 ரூபாய் ஏறினால் 48,000 கூடும். அதையும் ஜிஎஸ்டியையும் சேர்த்து 11.15 லட்சத்தை இலக்காக வையுங்கள்.

உங்களால் இது முடியும். மாதம் 38,000 வீதம் 18 மாதத்துக்கு 6.84 லட்சம். வைப்புநிதி 4 லட்சம். 6.5 சதவீத வட்டி கிடைத்து, அதில் வரியும் போக, கையில் 11.3 லட்சம் இருக்கும். தொடர் வைப்பை 16 மாதத்துக்குப் போடுங்கள். மீதித் தொகையைப் பயணத்துக்கு 60 நாள் முன்பே கட்டச் சொல்வது வழக்கம், அதற்குள் பணம் முதிர வேண்டும். கடைசி இரண்டு மாத மிச்சம் அன்பளிப்புக்கும் கைச்செலவுக்கும். ஒன்றரை வருடத்தில் தேவைப்படும் பணம் என்பதால் பங்குச்சந்தை ஃபண்டு பக்கமே போகாதீர்கள். வைப்புநிதியை ஒரே ரசீதாக வைக்காமல் இரண்டாகப் பிரித்தால், முன்பணம் கட்டும்போது மற்றொன்றின் வட்டி கெடாது.

மலிவான விலைப்பட்டியலை எடுத்தால் இருவருக்கும் 2,200 டாலர், கிட்டத்தட்ட 2 லட்சம் மிச்சமாகும். அப்படியும் அதை வேண்டாம் என்கிறேன். நீர்நிலையும் புல்வெளியும் மட்டும் என்றால் ஓட்டுநரை வைத்துச் சமாளித்துவிடலாம். மர்ச்சிசன் அருவிப் பூங்காவின் திறந்த வெளியில் அபிசீனியத் தரை இருவாசி நடந்து போவதை யாரும் காட்டலாம். குயின் எலிசபெத் பூங்காவின் கசிங்கா கால்வாயில் படகில் உட்கார்ந்தால் கூழைக்கடாவும் மீன்கொத்தியும் தாமாகவே கண்ணில் படும். காடு அப்படியில்லை. கிபாலே காட்டில் பச்சை மார்பு பிட்டா, நம் ஊர் ஆறுமணிக்குருவியின் சொந்தக்காரப் பறவை, இருட்டு பிரியும் நேரத்தில் இலைக்குப்பையின் மேல் நிற்கும். குரலை வைத்து இடத்தைச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் நீங்கள் பார்ப்பது இலை மட்டும்தான். பிவிண்டியின் ஒற்றையடிப் பாதையில் 12 பேர் வரிசையாகப் போனால், முன்னால் இருக்கும் நாலு பேர் பார்ப்பதற்குள் பறவை பறந்துவிடும். நீங்கள் காசு கொடுத்து வாங்குவது வழிகாட்டியின் கண்ணையும் காதையும். அதில் மிச்சம் பிடித்தால் மற்ற செலவுக்கும் அர்த்தம் இல்லாமல் போகும்.

மபம்பா சதுப்பு நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். என்டபேக்குப் பக்கத்தில், விக்டோரியா ஏரியின் ஓரத்தில் உள்ள ராம்சர் தலம், அதாவது உலக அளவில் முக்கியமானதாக அறிவிக்கப்பட்ட ஈரநிலம். பாப்பிரஸ் கோரைக்கு நடுவே, படகு அகலமே உள்ள வாய்க்கால்களில் உள்ளூர்க்காரர் கழி ஊன்றித் தள்ளிக்கொண்டு போவார். நான்கு அடி உயர ஷூபில் பறவை, செருப்பு போன்ற அலகுடன், நுரையீரல் மீனுக்காக அசையாமல் நிற்கும். முன்பு அங்குள்ள மீனவர்கள் இதைப் பார்த்தால் மீன் கிடைக்காது என்று நம்பி விரட்டியிருக்கிறார்கள், கொன்றும் இருக்கிறார்கள். இன்று அதே கிராமத்துக்காரர்கள் அதைக் காட்டிப் பிழைக்கிறார்கள். அந்தப் படகுக் கட்டணமும் உள்ளூர் வழிகாட்டிக் கட்டணமும் உங்கள் விலைப்பட்டியலில் தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பறவைக்கு நேரடியாக உதவும் பணம் அது.

மிச்சம் பிடிக்க வேண்டுமானால் விடுதியில் பிடியுங்கள். விடியலில் கிளம்பி இருட்டிய பிறகு வருபவருக்கு நீச்சல்குளம் எதற்கு? நடுத்தர விடுதி கேளுங்கள், ஆளுக்கு 200 டாலராவது குறையலாம். பிவிண்டியில் முப்விண்டி சதுப்புக்கு இறங்கி ஏறும் நடை, அபூர்வமான ஆப்பிரிக்கப் பச்சை பிராட்பில் பறவையைத் தேடிப் போவது, செங்குத்தானது, பல மணி நேரம் பிடிக்கும். பை தூக்கவும் கைகொடுக்கவும் கிராமத்துச் சுமையாள் கிடைப்பார். அந்தக் காசை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். இப்போதிருந்தே எலும்பு மருத்துவரைப் பார்த்து முழங்காலுக்கான பயிற்சியையும் தொடங்குங்கள்.

முன்பணம் கட்டும் முன் செய்தே ஆக வேண்டிய ஒன்று இருக்கிறது. உகாண்டாவுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கட்டாயம். அது இல்லாமல் திரும்பி வந்தால் இந்தியாவிலும் தனிமைப்படுத்திவிடுவார்கள். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஊசியை முதன்முறை போடும்போது கடுமையான பக்கவிளைவுக்கு வாய்ப்பு கூடுதல் என்பதால் மருத்துவர்கள் யோசித்துத்தான் போடுவார்கள். உங்களுக்கு இன்னும் 60 ஆகவில்லை. சான்று வாழ்நாள் முழுக்கச் செல்லும். ஆகவே மருத்துவரிடம் கேட்டுவிட்டு, பயணத்துக்காகக் காத்திராமல் இப்போதே போட்டுக்கொள்ளுங்கள். கணவருக்கு 61. அவருடைய மருத்துவர் சரி என்று சொன்ன பிறகுதான் ஒரு ரூபாய்கூட முன்பணம் போக வேண்டும். 30 சதவீதம் முன்பணம் என்றால் 2.27 லட்சம், கொரில்லா அனுமதிப் பணம் திரும்பக் கிடைப்பதும் கடினம்.

முகவர் உங்களிடம் டிசிஎஸ், அதாவது பணம் கட்டும்போதே வசூலிக்கும் வருமானவரி, பிடிப்பார். முன்பு 5 சதவீதமும், பெரிய தொகைக்கு 20 சதவீதமுமாக இருந்ததை 2026 பட்ஜெட்டில் 2 சதவீதமாகக் குறைத்தார்கள். உங்களுக்குச் சுமார் 15,000 ரூபாய். இது செலவில்லை, வருமானவரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ரசீதை இருவர் பெயரிலும், இருவரின் பான் எண்ணிலும் தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள். கணவருக்கு வரி இல்லையென்றால் கணக்குத் தாக்கல் செய்து முழுவதையும் திரும்பப் பெறலாம். பணத்தை நிறுவனக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள், தனி ஆள் கணக்குக்கு வேண்டாம். உகாண்டாவில் நடத்தும் நிறுவனத்துக்கு அந்நாட்டுச் சுற்றுலா வாரிய உரிமம் இருக்கிறதா, வழிகாட்டி அங்குள்ள பறவை வழிகாட்டிகள் அமைப்பைச் சேர்ந்தவரா என்றும் கேளுங்கள்.

காப்பீட்டில் அவசர வெளியேற்றம் இருக்க வேண்டும். பிவிண்டியிலிருந்து தலைநகர் கம்பாலாவுக்குச் சாலையில் வரவே ஒரு பகல் முழுக்க ஆகும். இருவருக்கும் உள்ள பழைய நோய்களை மறைக்காமல் எழுதுங்கள், இல்லாவிட்டால் கோரிக்கையை நிராகரித்துவிடுவார்கள்.

டாலர் நோட்டுகளை வங்கியில் வாங்கும்போது புதியதாகக் கேட்டு வாங்குங்கள். பழைய வரிசை நோட்டையும் கிழிந்ததையும் அங்கே பல இடங்களில் வாங்க மாட்டார்கள். அன்பளிப்புக்கு ஐந்து, பத்து டாலர் நோட்டுகளைத் தனி உறையில் வைத்துக்கொள்ளுங்கள். படகோட்டிக்கும் சுமையாளுக்கும் அங்கேயே, அவர்கள் கையிலேயே கொடுங்கள்.