பிங்க் ஃப்ளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ‘கம்ஃபர்டபிளி நம்ப்’ பாட்டில் வரும் கடைசி சோலோவை மிஞ்சிய கிட்டார் வாசிப்பு அவர்களிடம் வேறு உண்டா?

உண்டு. அதே பாட்டில், அதற்கு முன்னால் வருகிற முதல் சோலோ, அதாவது பாட்டு நிற்க கிட்டார் முன்னால் வந்து தனித்து வாசிக்கிற இடம்.

கேள்வி கேட்ட விதத்தைப் பார்த்தால் நீங்கள் எலக்ட்ரிக் கிட்டார் வாங்கிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருக்கும். யூடியூபில் கடைசி சோலோவை ஓடவிட்டு விரல் நோக வாசித்துக்கொண்டிருப்பீர்கள். கிண்டல் இல்லை, எல்லாரும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். அப்புறம், நான் ராக் வாசித்துப் பிழைத்தவன் இல்லை. சேலத்தில் ஆர்கெஸ்ட்ராவில் லீட் கிட்டார். கல்யாண ரிசப்ஷன், ஆடி வந்தால் மாரியம்மன் பண்டிகைக் கச்சேரிகள். ‘சினிமாப் பாட்டு வாசிக்கிறவனுக்கு ஃப்ளாய்டைப் பற்றி என்ன தெரியும்’ என்று எழுத வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள், அந்த அனுபவத்தை வைத்துத்தான் சொல்கிறேன்.

ஒரு டிசம்பரில் ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களாவில் நிச்சயதார்த்தக் கச்சேரி. அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கியதும் முதல் வேலை கிட்டாரைத் திரும்பச் சுருதி சேர்ப்பதுதான். கீழே மதியச் சூட்டில் சேர்த்து எடுத்துப் போனால், மேலே குளிருக்குக் கம்பி இறுகிச் சுருதி ஏறி நிற்கும். விரலும் விறைத்துப்போகும். இரண்டு பாட்டுக்கு நடுவில் கையைக் கக்கத்தில் வைத்துச் சூடு பண்ணிக்கொண்டுதான் வாசித்தேன்.

பத்து மணிக்கு மேல் மாப்பிள்ளையின் பெங்களூர் நண்பர்கள் மேடைப் பக்கம் வந்தார்கள். “அண்ணா, ஃப்ளாய்டெல்லாம் தெரியுமா?” தெரியாது என்ற பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வி அது. தெரியும், யார் பாடுறீங்க என்றேன். ஒரு பையன் மைக்கை வாங்கினான். எங்கள் கீபோர்டுக்காரர் “எந்தப் படம்டா இது?” என்றார். பி மைனர், நான் தலையை ஆட்டினால் டி மேஜர் என்று ஸ்கேலை மட்டும் சொன்னேன். அவருக்கு அது போதும்.

இங்கே பாட்டின் அமைப்பைச் சொல்லியாக வேண்டும். 1979இல் வந்த ‘தி வால்’ ஆல்பத்துப் பாட்டு. பதிவில் சரணங்களைக் குழுவின் பேஸ் கிட்டார்காரர் ராஜர் வாட்டர்ஸ் பாடுகிறார், அது பி மைனர். கோரஸை, அதாவது நம் பல்லவி மாதிரி திரும்பத் திரும்ப வருகிற பகுதியை, லீட் கிட்டார்காரர் டேவிட் கில்மோர் பாடுகிறார், அது டி மேஜர். நம் கர்நாடக சங்கீதக் கணக்கில், சங்கராபரணத்தின் தைவதத்தை சட்ஜமாக வைத்தால் கிடைக்கிற நடபைரவிதான் அந்தச் சரணம். (கோரஸில் சி மேஜர் கார்டு, அதாவது சில சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் அந்தக் கூட்டு, எப்படி வந்தது என்று சங்கீதம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், அது ஸ்கேலுக்கு வெளியிலிருந்து வந்த விருந்தாளி.) முதல் சோலோ, கோரஸின் அதே டி மேஜர் கார்டுகளின் மேல் வருகிறது. கில்மோர் பாடி நிறுத்தியதைக் கில்மோரே கம்பியில் எடுத்துத் தொடர்கிறார். கொடுத்த இடத்துக்குள் ஏறி, இறங்கி, முடித்து, அடுத்த சரணத்தை வாட்டர்ஸிடம் ஒப்படைத்துவிடுகிறார்.

கடைசி சோலோ சரணத்தின் பி மைனர் கார்டுகளில் ஓடுகிறது. அதைப் பலமுறை வாசித்துப் பதிவு செய்து, ஒவ்வொன்றிலும் நன்றாக வந்த துண்டுகளைக் குறித்து ஒன்றாகச் சேர்த்தேன் என்று கில்மோரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். அதனால் மட்டம் என்று சொல்லவில்லை, அபாரமான வாசிப்பு அது. ஆனால் ஆல்பத்தில் அது முடிவதே இல்லை, சத்தம் குறைந்து மறைகிறது.

பங்களாவில் நடந்ததும் இதுதான். முதல் சோலோவை வாசித்து முடித்த இடத்தில் அந்தப் பையன் சரியாக சரணத்தை எடுத்தான். யாரும் அவனுக்குக் கண் காட்டவில்லை, கிட்டாரே கொண்டுபோய் விட்டது. கடைசி சோலோவில் பையன்கள் கையைத் தூக்கி ஆடினார்கள், எனக்கும் நல்ல குஷி. எங்கே நிறுத்துவது என்றுதான் தெரியவில்லை. டிரம்ஸ்காரர் ‘எப்ப முடியும்’ என்று கண்ணால் கேட்டுக்கொண்டே இருந்தார். பெண்ணின் பெரியப்பா மேடையேறி மைக்கைப் பிடித்து, “எல்லாரும் சாப்பிட வாங்க, பந்தி போட்டாச்சு” என்றதும் முடிந்தது.

சினிமாப் பாட்டில் எங்களுக்குக் கிடைப்பது இரண்டு பி.ஜி.எம்., அதாவது பாடகர் நிறுத்துகிற இடங்களில் வருகிற இடையிசை. அதற்குள் சொல்ல வந்ததைச் சொல்லிப் பாடகருக்கு வழிவிட வேண்டும், அரை தாளம் தள்ளினாலும் மானம் போய்விடும். அப்படியே வாழ்ந்தவனுக்கு அந்த முதல் சோலோவின் அருமை கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான்.

அந்த இரண்டு பி.ஜி.எம்.மும் இப்போது இல்லை என்பது வேறு கதை. கீபோர்டில் கிட்டார் டோன் இருக்கிறதே, எதற்குத் தனியாக ஒரு ஆள், வேனில் ஒரு சீட் என்று விழாக் கமிட்டிக்காரர்கள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். நோட்டீஸில் பாடகர் படம் போடுவார்கள், மிமிக்ரிக்காரர் படம் போடுவார்கள், சவுண்டு சர்வீஸ் பெயர்கூட வரும். கிட்டார்காரன் பெயர் வந்து நான் பார்த்ததில்லை. ஒரு கமிட்டி இன்னும் பாக்கிப் பணமே தரவில்லை. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், எழுத வந்துவிட்டது.

அவர்களுடைய ‘டைம்’ பாட்டின் சோலோவைச் சொல்லவில்லையே என்று வருவீர்கள். என் கணக்கில் இரண்டாவது அதுதான். அவர்களுடைய ‘மணி’ (Money) பாட்டு ஏழு எண்ணிக்கையில் போய், சாக்ஸபோனும் அதே ஏழில் வாசித்து முடித்த பிறகு, கிட்டார் சோலோவுக்கு மட்டும் நாலுக்கு மாறுகிறதே, அதைத் தனிக் கேள்வியாகப் போடுங்கள். எனக்கும் அதில் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது.