எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைப் பூட்டுவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒரு ஃபோல்டரின் செக்யூரிட்டி பகுதிக்குப் போய், என் பெயருக்கு மட்டும் அனுமதி வைத்தேன். தம்பி அவன் லேப்டாப்பில் செருகி, இரண்டே நிமிடத்தில் திறந்துவிட்டான். நான் எதைத் தவறவிட்டேன்?

பதில்: நீங்கள் எதையும் தவறவிடவில்லை. அந்த அனுமதி அவ்வளவுதான் தாங்கும். அனுமதிப் பட்டியல் டிஸ்க்கிலேயேதான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அதைப் படித்து ஆளை உள்ளே விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது டிஸ்க் அல்ல, அது செருகப்பட்டிருக்கும் கம்ப்யூட்டர். பட்டியலில் உங்கள் பெயர்கூட இருக்காது. எஸ்-1-5-21 என்று தொடங்கும் ஒரு நீண்ட எண்தான் இருக்கும். அந்த எண் நீங்கள்தான் என்பது உங்கள் விண்டோஸுக்கு மட்டுமே தெரியும்.

தம்பியின் லேப்டாப்பில் அதே செக்யூரிட்டி பகுதியைத் திறந்து பாருங்கள். உங்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எண் மட்டும் நிற்கும். அந்த லேப்டாப்புக்கு அவர் அட்மின், அதாவது முழு அதிகாரம் உள்ளவர். அதனால் அட்வான்ஸ்டு பகுதியில் ஓனர் பெயரைத் தன் பெயராக மாற்றிக்கொள்ளலாம், அப்புறம் தனக்குத் தானே அனுமதி கொடுத்துக்கொள்ளலாம். பட்டியலில் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவை விட்டுவைத்திருந்தீர்கள் என்றால் வேலை இன்னும் சுலபம். அந்தக் குழுவின் எண் எல்லா விண்டோஸிலும் ஒன்றேதான். லினக்ஸ் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் வழக்கமான அமைப்பில் இந்தப் பட்டியலைக் கண்டுகொள்வதே இல்லை.

ஒரே கம்ப்யூட்டரை நாலு பேர், ஆளுக்கொரு சாதாரண அக்கவுன்ட்டில் பயன்படுத்தினால் இந்த அனுமதி உதவும். கையில் எடுத்துப் போகும் டிஸ்க்குக்கு உதவாது.

கேள்வி: என் டிஸ்க்கில் செக்யூரிட்டி பகுதியே வரவில்லையே?

பதில்: எக்ஸ்ஃபேட் அல்லது ஃபேட்32 ஆக ஃபார்மட் ஆகியிருக்கும். இந்த இரண்டுக்கும் விண்டோஸில் அந்தப் பகுதி வராது, என்டிஎஃப்எஸ் ஃபார்மட்டுக்கு வரும். மேலே சொன்ன காரணத்தால், இதற்காக மாற்றி ஃபார்மட் செய்ய வேண்டாம்.

கேள்வி: அப்படியானால் டிஸ்க்கோடு கூடவே வரும் பூட்டு எது?

பதில்: என்கிரிப்ஷன், அதாவது தகவலையே புரியாத வடிவத்துக்கு மாற்றி வைப்பது. பாஸ்வேர்டு இல்லாதவருக்கு உள்ளே இருப்பது வெறும் குப்பை எழுத்தாகத்தான் தெரியும், அவர் எந்தக் கம்ப்யூட்டரின் அட்மினாக இருந்தாலும் சரி. விண்டோஸ் ப்ரோ வைத்திருந்தால் பிட்லாக்கர் என்ற என்கிரிப்ஷன் வசதி கூடவே வருகிறது. டிஸ்க்கின் மேல் ரைட் கிளிக் செய்தாலே ஆரம்பித்துவிடலாம். ஹோம் பதிப்பில் புதிதாகப் பூட்ட முடியாது. ஆனால் வேறு இடத்தில் பூட்டியதைப் பாஸ்வேர்டு கொடுத்துத் திறக்கலாம்.

நடுவில் அது கேட்கும் இரண்டு கேள்விகளை அவசரப்பட்டுத் தாண்டிவிடாதீர்கள். ஒன்று, பயன்படுத்திய இடத்தை மட்டும் என்கிரிப்ட் செய்யவா, முழு டிஸ்க்கையுமா என்பது. புது டிஸ்க் என்றால் முதலாவது போதும். ஏற்கெனவே ஃபைல்கள் வைத்து அழித்த டிஸ்க் என்றால் முழுவதையும் செய்யுங்கள். பல மணி நேரம் ஆகலாம், பரவாயில்லை. அழித்த ஃபைல்களின் மிச்சம் காலி இடத்தில் அப்படியே கிடக்கும், மீட்புச் சாஃப்ட்வேர் அதை எடுத்துவிடும்.

இன்னொன்று, பாஸ்வேர்டு மறந்தால் திறக்க உதவும் 48 இலக்க ரெக்கவரி கீயை எங்கே வைப்பது என்பது. ஒரு நண்பர் அதை டெக்ஸ்ட் ஃபைலாக்கி, பூட்டிய அதே டிஸ்க்குக்குள் நகர்த்தி வைத்தார். பிறகு பாஸ்வேர்டு மறந்துபோனது. குழந்தை பிறந்த நாளிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை, யாராலும் முடியாது. தயவுசெய்து காகிதத்தில் அச்சிட்டு, டிஸ்க் இருக்கும் பையில் வைக்காமல் வேறு இடத்தில் வையுங்கள். பூட்டிய டிஸ்க்கும் பழுதாகும் என்பதால் இன்னொரு பிரதியும் வேண்டும்.

கேள்வி: வீட்டில் மேக், வேலையில் விண்டோஸ். இரண்டிலும் திறக்க வேண்டும்.

பதில்: பிட்லாக்கரை மேக் தானாகத் திறக்காது. மேக்கின் என்கிரிப்ஷனை விண்டோஸும் திறக்காது. டிஸ்க்கை எக்ஸ்ஃபேட்டில் வைத்துக்கொண்டு, வெராகிரிப்ட் என்ற சாஃப்ட்வேர் மூலம் அதில் ஒரு கன்டெய்னர் உருவாக்குங்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே ஒரு பெரிய ஃபைல். பாஸ்வேர்டு கொடுத்தால் தனி டிரைவாக விரியும். கன்டெய்னருக்கு உள்ளேயும் எக்ஸ்ஃபேட்டே தேர்ந்தெடுங்கள், என்டிஎஃப்எஸ் என்றால் மேக்கில் எழுத முடியாமல் தவிப்பீர்கள். இதன் ஒரு சங்கடம், அலுவலகக் கம்ப்யூட்டரில் முதல்முறை நிறுவ அட்மின் அனுமதி தேவைப்படும். அது கிடைக்காது என்றால், சில ஃபைல்களுக்கு மட்டும் 7-ஜிப் என்ற ஃபைல் சுருக்கும் சாஃப்ட்வேரில் பாஸ்வேர்டு போட்டு, ஃபைல் பெயர்களையும் மறைக்கும் பெட்டியை டிக் செய்துவிடுங்கள். திறந்து பார்க்கும்போது தற்காலிகப் பிரதி அந்தக் கம்ப்யூட்டரில் தங்கிவிடலாம், அதைக் கவனியுங்கள்.

கேள்வி: ஃபோல்டரை ஹிடன் ஆக்கினால் போதாதா?

பதில்: போதாது. மறைந்தவற்றைக் காட்டு என்று ஒரு டிக் போட்டால் தெரிந்துவிடும்.

கேள்வி: ஃபோல்டர் ப்ராப்பர்ட்டீஸில் இருந்த என்கிரிப்ட் வசதியைப் பயன்படுத்தினேன். விண்டோஸை மறுபடி நிறுவிய பிறகு ஓனர்ஷிப் எடுத்தும் எதுவும் திறக்கவில்லை.

பதில்: அது ஈஎஃப்எஸ், ஃபைல்களைத் தனித்தனியாகப் பூட்டும் விண்டோஸ் வசதி. அதன் சாவி டிஸ்க்கில் இல்லை, பழைய விண்டோஸில் உங்கள் அக்கவுன்ட்டுக்குள் இருந்தது. அந்தச் சாவி அடங்கிய சான்றிதழை பிஎஃப்எக்ஸ் ஃபைலாக எப்போதாவது எடுத்து வைத்தீர்களா? பழைய பென் டிரைவ், மெயில் எல்லாவற்றிலும் தேடுங்கள். கிடைத்தால் டபுள் கிளிக் செய்து நிறுவியதுமே ஃபைல்கள் திறக்கும். இல்லையென்றால், பழைய விண்டோஸ் இருந்த டிஸ்க்கின் முழு பேக்கப் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அதில் பழைய யூசர் ஃபோல்டர் முழுதாக இருந்து, அப்போதைய லாகின் பாஸ்வேர்டும் நினைவிருந்தால் வழி உண்டு. அதுவரை எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் உள்ள ஃபைல்களை அழிக்காமல் அப்படியே வைத்திருங்கள். தேடிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.