இஸ்திரியா இருகுரல் பாட்டு: ஆட்டோட்யூன் வேண்டாம்

குரோவேஷியாவின் இஸ்திரியாவில் பதிவு செய்த இருகுரல் பாட்டில் குரல்கள் உரசுகின்றன, சுருதி காட்டும் டியூனர் கருவி எல்லாச் சுரத்தையும் தப்பென்று காட்டுகிறது என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து, சுருதியைத் தானே திருத்தும் ஆட்டோட்யூன் மென்பொருளைப் போட்டுவிடாதீர்கள்! அந்த உரசல்தான் பாட்டின் உயிர். அங்குள்ள சுர வரிசை பியானோவின் 12 சமப் படிகளுக்குள் உட்காராது, இடைவெளிகளும் குறுகல். ஒரு குரல் 440 ஹெர்ட்ஸிலும் மற்றது 470-லும் நின்றால் ஒலி நொடிக்கு 30 முறை ஏறி இறங்கும் துடிப்புகள் உண்டாகிக் காதில் கரகரவென்று விழும், கூடவே மூக்கொலி கலந்த குரல் என்பதால் மேற்சுரங்களும் (ஒவ்வொரு சுரத்தோடும் சேர்ந்தொலிக்கும் உயர் ஒலிகள்) மோதிக்கொள்ளும். பெரிதும் சிறிதுமாக ஜோடியாக, சீவாளி வைத்து ஊதும் சோப்பெலே குழல்களின் நாதமும் இதேதான், எனக்கு ரொம்பப் பிடித்த ஒலி. சரி, பதிவைச் சோதிக்கப் பாட்டு முடியும் இடத்தை மட்டும் கேளுங்கள். இரு குரலும் ஒரே சுரத்திலோ ஒரு ஸ்தாயி தள்ளியோ வந்து சேரும். அங்கே கரகரப்பு அடங்கினால் மைக்கில் குறையில்லை, அங்கும் இரைந்தால் ஒலி மிகுந்து பதிவு சிதைந்திருக்கலாம், அடுத்த முறை பதிவின் ஒலியளவைக் குறைத்து வையுங்கள்.