கடிவாளம், கலினம், லகான்: குதிரைச் சொற்கள் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, கடிவாளம் என்பது வாயில் இருக்கும் இரும்பா, கையில் பிடிக்கும் வாரா?

பதில்: வாயில் போடும் இரும்புதான். தலையைச் சுற்றிவரும் பட்டை, கையில் பிடிக்கும் வார் எல்லாவற்றையும் சேர்த்தே கடிவாளம் என்று சொல்வதும் பழகிவிட்டது. "கடிவாளத்தை இழுத்துப் பிடி" என்றால், இழுபடுவது வார், அழுத்துவது இரும்பு.

கேள்வி: கடிவாளத்தில் உள்ள 'கடி', கடிப்பதுதானா?

பதில்: ஆமாம். கன்னடத்திலும் 'கடிவாண' என்கிறார்கள். ஆனால் குதிரை அதைக் கடிக்கக் கூடாது! முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல் இல்லாத இடைவெளி உண்டு. அங்கே நாக்கின் மேல் இரும்பு கிடக்கும். வாரை இழுத்தால் நாக்கும் ஈறும் அழுந்தும், குதிரை அடங்கும். முரட்டுக் குதிரை இரும்பைக் கடைவாய்க்குத் தள்ளி இறுகக் கடித்துக்கொண்டதோ, மேலே இருப்பவர் பாடு திண்டாட்டம்தான்.

கேள்வி: பழைய பாடல்களில் 'கலினமா' என்று வருகிறதே, அது என்ன?

பதில்: கலினம் என்றால் கடிவாளம், மா என்றால் குதிரை. வடமொழியில் 'கலீனம்'. அந்த வடமொழிச் சொல்லே கிரேக்கத்தின் 'கலினோஸ்' என்பதிலிருந்து வந்தது என்று மொழி ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அங்கும் பொருள் கடிவாளம்தான்.

இதற்கு ஜோடியாக இன்னொரு சொல் உண்டு: மத்திகை, குதிரைச் சாட்டை. முல்லைப்பாட்டில் பாசறையைக் காக்கும் யவனர் (கிரேக்க, ரோமானிய நாட்டவர்) உடைமேல் மத்திகையைச் சுற்றியிருக்கிறார்கள். கிரேக்கத்தில் சாட்டைக்கு 'மாஸ்டிக்ஸ்' என்று பெயர். சொல்லும் அதை இடுப்பில் கட்டிய ஆளும் ஒரே இடத்தில் சேர்ந்து வருவது எனக்கு மிகவும் பிடித்த சான்று. பட்டினப்பாலை சொல்லும் இறக்குமதிப் பட்டியலில் 'நீரின் வந்த நிமிர்பரிப் புரவி'தான் முதலில் நிற்கிறது. குதிரை கப்பலில் வந்த காலத்தில் அதன் சாமான்களின் பெயர்களும் கூடவே வந்து இறங்கியதில் வியப்பில்லை.

கேள்வி: லகான் என்றால் இந்தியில் வரி என்கிறார்களே? வரிக்கும் குதிரைக்கும் என்ன உறவு?

பதில்: ஒன்றும் இல்லை. குதிரையின் லகான் பாரசீகத்து 'லகாம்'. உருது வழியாக நம்மிடம் வந்தபோது கடைசி எழுத்து மாறிவிட்டது. நிலவரியைக் குறிக்கும் இந்தி 'லகான்' தனிச் சொல்.

கேள்வி: "கடிவாளம் கட்டிய குதிரை மாதிரி நேரே மட்டும் பார்க்கிறான்" என்பது சரியா?

பதில்: பேச்சில் நிலைத்துவிட்டது, திருத்தப் போவதில்லை. ஆனால் கடிவாளம் பார்வையை மறைக்காது. குதிரைக்குக் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் இருப்பதால், தனக்குப் பின்னால் வருவதும் பெரும்பாலும் தெரியும். வண்டிக் குதிரை மிரளாமல் இருக்கக் கண்ணோரம் தோல் மறைப்பு வைப்பார்கள். பார்வையைக் குறுக்குவது அதுதான். சிலர் இதே உவமையில் "சேணம் கட்டிய குதிரை" என்கிறார்கள். சேணம் முதுகில் அல்லவா இருக்கிறது!

"விலைவாசிக்குக் கடிவாளம்" என்று செய்தித்தாளில் வருவதில் மட்டும் பிழையே இல்லை.

கேள்வி: குதிரை மேல் போடும் ஜீனியும் சர்க்கரையும் ஒன்றா?

பதில்: இல்லை. குதிரையின் ஜீனி, சேணத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல்லான 'ஜீன்'. காபியில் போடுவது சீனி.