அவர் மிருதங்கத்தைத் தொடுவதே இல்லை

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு வயது 57, கணவருக்கு 63. மிருதங்க வித்வான். கோயில் உற்சவம் ஒன்றில் அவர் தனி வாசித்ததைக் கேட்டு மனதைப் பறிகொடுத்தேன். வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டோம். கச்சேரி நாட்களில் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் பூச ரவை பிசைந்து கொடுப்பது என் வேலை.

சில வருடங்களுக்கு முன் வலது கை நடுங்கத் தொடங்கியது. பார்க்கின்சன் என்றார்கள். மிருதங்கம் இப்போது பரண்மேல் இருக்கிறது. சிஷ்யர்களையும் வரவேண்டாம் என்றுவிட்டார். ரேடியோவில் கச்சேரி வந்தால் எழுந்து போகிறார். "கையே போச்சு, இனிமே நான் இருந்து என்ன?" என்கிறார். அவருக்குத் தெரியாமல் குளியலறையில் அழுகிறேன். நான் நேசித்தது அவரையா, அந்த வாசிப்பையா? சில நாள் பக்கத்தில் இருப்பவர் வேறு யாரோ போல இருக்கிறது. இப்படி நினைப்பது பாவமா?

அன்புச் சகோதரிக்கு,

பாவமில்லை. இறப்பு வீட்டுக்கு ஊரே வந்து உட்காரும், பதினாறாம் நாள் காரியம் நடக்கும். உங்கள் வீட்டில் ஒரு வாசிப்பு நின்றுபோனதற்கு யார் துக்கம் விசாரித்தார்கள்? ஆள் கண்ணெதிரே இருக்க, அவரிடமிருந்து ஏதோ ஒன்று போய்விடுகிற இந்த நிலையைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த அமெரிக்கர் பாலீன் பாஸ், தெளிவற்ற இழப்பு என்கிறார். நீங்கள் இருவரும் அதைத்தான் தனித்தனி அறையில் சுமக்கிறீர்கள்.

முதலில் அவசரமானது. பார்க்கின்சனில் மனச்சோர்வு அந்த நோயின் பகுதியாகவே வரக்கூடும், மூளை ரசாயனங்களின் மாற்றம் அதற்கு ஒரு காரணம். 'கை போன கலைஞர், சோகமாகத்தான் இருப்பார்' என்று குடும்பம் விட்டுவிடுவதுதான் எனக்குக் கவலை. நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள், சிகிச்சை உண்டு. "சாகணும்னு தோணுதா?" என்று அவரிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் தனியே விடாமல் உடனே மருத்துவ உதவி தேடுங்கள். அரசின் மனநல உதவி சேவையான டெலிமானஸை 14416 எண்ணில் அழைத்து எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

அவரா, வாசிப்பா என்று கேட்டீர்கள். பக்கவாத்தியத்தில் பாதிக் கலை காதில் இருக்கிறது. பாடுபவர் எங்கே நிற்பார், எங்கே பாய்வார் என்று கேட்டு உடன்போவதுதானே அது? நீங்கள் மயங்கியது அந்த மனிதரின் கவனத்திலும்தான் என்று நினைக்கிறேன். அந்தக் காது போகவில்லை. மிருதங்கப் பாடமும் வாயில்தான் தொடங்குகிறது. சிஷ்யன் வாசிக்க, அவர் வாயால் சொல்லும் தாளச் சொற்களான சொற்கட்டைச் சொல்லித் திருத்தலாம். இந்த நோயில் குரல் தணிந்துபோவதால், உரக்கப் பேசும் பயிற்சியைப் பேச்சு சிகிச்சையாளர்களே தருகிறார்கள். சீரான தாளத்துக்கு அடிவைத்தால் சிலருக்கு நடையும் சீராகிறது.

இதையெல்லாம் இப்போதே அவர்முன் வைக்காதீர்கள். துக்கப்பட இடம் கொடுக்காமல் வழி சொன்னால், அவர் இழந்ததை நீங்கள் சிறிதாக்குவதாகவே அவருக்குப் படும். "உங்க வாசிப்பு இல்லாம எனக்கும் வீடு வெறிச்சுனு இருக்கு" என்று சொல்லுங்கள். அவர் எதிரிலேயே அழுங்கள். தான் மட்டுமே இழந்ததாக அவர் நினைத்திருக்கக்கூடும்.

இந்த நோயோடு பலர் நீண்ட காலம் வாழ்கிறார்கள், உடல் மெல்ல மெல்ல மாறிக்கொண்டே வரும். யார் கவனிப்பது, எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், கடைசிக் காலம் எப்படி இருக்க வேண்டும் என்று அவர் விருப்பத்தை அவர் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மனச்சோர்வுக்கான சிகிச்சை சற்றுப் பலன் தந்த பிறகு பேசுவது நல்லது. சிஷ்யர்களில் அவர் மிகவும் நேசித்த ஒருவரை, வாத்தியமில்லாமல், சாப்பிட வரச் சொல்லுங்கள்.